ரீவைண்டிங் பட்டறைக்கு பேட்டரி மெக்கர்: வாங்கலாமா?

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் கேட்டால் முதலில் எடுத்து வைப்பது 250, 500, 1000 வோல்ட் டிசி தரும் பேட்டரி மெக்கர்தான். மெக்கர் என்றால் வைண்டிங்கின் இன்சுலேஷன் சரியாக இருக்கிறதா என்று மெகா ஓமில் அளக்கும் கருவி. கைப்பிடி சுற்றும் பழைய மெக்கரை விட இதில் பெரிய லாபம், வோல்டேஜ் சீராக நிற்பது. கை சளைத்தால் முள் ஆடும் தொல்லை இல்லை. பீன்யா தொழிற்பேட்டை பக்கம் 415 வோல்ட் மோட்டார் ரீவைண்டிங் செய்பவர்களுக்கு 500 வோல்ட் ரேஞ்சே தாராளம்.

சப்ளையைத் துண்டித்து, பூட்டுப் போட்டு, கரண்ட் இல்லை என்று டெஸ்டரால் பார்த்த பிறகே லீடை (டெஸ்ட் வயரை) மாட்டுங்கள். வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் இருந்தால் மோட்டார் கேபிளை அதிலிருந்து கழற்றியே ஆக வேண்டும். இல்லையென்றால் டிரைவுக்குள் இருக்கும் ஐஜிபிடி (பவர் டிரான்சிஸ்டர்) காலி. ஒரு லீடு வைண்டிங்கில், இன்னொன்று பாடியில். பெயின்ட் மேல் கிளிப்பைக் கடிக்க விட்டால் ரீடிங் எக்கச்சக்கமாக ஏறி ஏமாற்றும். எர்த் போல்ட்டைச் சுரண்டிவிட்டு மாட்டவும். 60 விநாடி கழித்துக் குறியுங்கள். 40 டிகிரியில் 5 மெகா ஓமுக்குக் கீழே போனால் வைண்டிங்கை மறுபடி காயவைக்க வேண்டியதுதான். சூடு 10 டிகிரி ஏறினால் ரீடிங் ஏறக்குறைய பாதியாகிவிடும். வெப்பநிலை எழுதாத ரிப்போர்ட் வெறும் காகிதம்.

கூட வரும் முதலைக் கிளிப் சுமார் ரகம். மழைக்காலத்தில் ஈரம் பட்ட லீடே லீக்கேஜ் காட்டும். விலை குறைந்த மாடல்களில் கார்டு (guard) முனை இருக்காது, அதனால் கேபிள் முனையின் மேற்பரப்பு லீக்கேஜைப் பிரித்துப் பார்க்க வழியில்லை. டெஸ்ட் முடிந்ததும் வைண்டிங்கில் தேங்கிய சார்ஜைத் தானாக டிஸ்சார்ஜ் செய்யும் வசதி உண்டு. அதையே நம்பாமல், டெஸ்ட் நேரத்தைப் போல 4 மடங்கு நேரம் வைண்டிங்கை எர்த்தில் வைத்த பிறகே முனையைத் தொடுங்கள்.