பதிவைக் காணோம், படத்தையும் காணோம்: ஜெக்கில், ஹியூகோ, குவார்ட்டோ ஒப்பீடு

பெங்களூரில் மழை, ஏரி, மெட்ரோ என்று ஊர்த் தரவை எடுத்து வரைபடம் போட்டுத் தமிழில் எழுதும் நண்பர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். ஓபன்சிட்டி தளத்தில் தரவை இறக்கி, ஆர், பைத்தான் நிரல்மொழிகளில் ஒன்றில் வரைந்து, கிட்ஹப் பேஜஸில் காசு செலவில்லாமல் ஏற்றிவிடலாம். அவர்கள் எல்லாரும் ஒருநாள் கேட்கும் கேள்வி: "லேப்டாப்ல எல்லாம் தெரியுது. நெட்ல பதிவையே காணோம், இல்லன்னா படம் வரல. ஏன்?" நாம் எழுதும் கோப்புகளை இணையப் பக்கங்களாக மாற்றித் தரும் ஜெக்கில், ஹியூகோ, குவார்ட்டோ என்ற மூன்று கருவிகளையும் இந்தக் கேள்வியை வைத்தே எடை போடுகிறேன். எது வேகம், எது அழகு என்பதெல்லாம் பிறகு. தான் விட்டுவிட்டதை எது நமக்குச் சொல்கிறது என்பதுதான் முதலில் தெரிய வேண்டும்.

2008-ல் வந்த ஜெக்கில்தான் மூன்றில் மூத்தது. போஸ்ட்ஸ் கோப்புறையில் உள்ள கோப்பின் பெயர் தேதியில் தொடங்காவிட்டால் அதைப் பதிவாகவே எண்ணாது. ஒரு வார்த்தை எச்சரிக்கையும் வராது. எதிர்காலத் தேதி போட்ட பதிவையும் விட்டுவிடும்.

ஹியூகோவும் வரைவு, எதிர்காலத் தேதி, காலாவதியான தேதி ஆகியவற்றைத் தள்ளிவிடும். ஆனால் கேட்டால் சொல்லும். 'ஹியூகோ லிஸ்ட்' என்ற கட்டளையோடு டிராஃப்ட்ஸ், ஃப்யூச்சர், எக்ஸ்பையர்ட் ஆகியவற்றில் ஒன்றைச் சேர்த்து ஓட்டினால் விடுபட்ட பதிவுகளின் பட்டியல் வந்துவிடும். பதிவைத் தேடுவதில் இதற்கு நிகர் மற்ற இரண்டிலும் இல்லை.

நம் ஊர்க்காரர்களை அதிகம் படுத்துவது நேர வித்தியாசம். இந்திய நேரம் உலகப் பொது நேரமான யுடிசியை விட ஐந்தரை மணி நேரம் முந்தியது. தேதியோடு காலை 9 மணி என்று மட்டும் எழுதினால் ஹியூகோ அதை யுடிசி என்றே கொள்ளும்; நமக்கு அது பிற்பகல் 2.30. அதற்குள் பில்ட் (கோப்புகளைப் பக்கங்களாக்கும் வேலை) ஓடிவிட்டால் பதிவு வராது. மூன்று மணிக்குத் தானாகவும் வராது, மறுபடி பில்ட் ஓட்ட வேண்டும். ஜெக்கிலும் சர்வரின் நேரத்தை எடுத்துக்கொண்டால் இதே கதைதான். தேதியின் கடைசியில் +05:30 சேர்த்துவிடுங்கள், அல்லது டைம்ஸோனை ஏசியா/கொல்கத்தா என்று வையுங்கள்.

குவார்ட்டோவில் இந்தத் தொல்லை குறைவு. பதிவுகளைப் பட்டியலிடும் லிஸ்டிங் பக்கத்தில் கொடுத்த கோப்புறைக்கு வெளியே பதிவு கிடக்கிறதா, பெயர் அடிக்கோட்டில் தொடங்குகிறதா என்று பாருங்கள்.

படம் காணாமல் போவதுதான் பெரிய தலைவலி. ஜெக்கிலில் பெரும்பாலும் பாதைதான் காரணம். கிட்ஹப் பேஜஸில் ப்ராஜெக்ட் தளத்தின் முகவரியில் ரெப்போவின் (கோப்புகளைச் சேர்த்து வைக்கும் கிடங்கின்) பெயரும் வரும். படத்தின் பாதையைச் சாய்கோட்டில் தொடங்கினால் அந்தப் பெயர் விடுபட்டுப்போகும். அதைத் தானே சேர்க்கும் ரிலேட்டிவ் யுஆர்எல் ஃபில்டர் போட்டால் சரியாகும். மேக்கிலும் விண்டோஸிலும் கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து பேதம் வழக்கமாகப் பார்க்கப்படாது. லினக்ஸ் சர்வர் பார்க்கும். லேப்டாப்பில் தெரிந்த படம் இணையத்தில் மறைவதற்கு இதுவும் அடிக்கடி காரணம். படங்களை கிட்இக்னோர் (ஏற்ற வேண்டாதவற்றைக் குறிக்கும் கோப்பு) தடுக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

ஹியூகோவில் வேறு வகை. 0.60 பதிப்பிலிருந்து மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டில் எழுதியதைப் பக்கமாக்க அது இயல்பாகப் பயன்படுத்தும் கருவி கோல்ட்மார்க். பாதுகாப்புக்காக அது பதிவுக்குள் எழுதிய எச்டிஎம்எல்லை நீக்கிவிடும். உலாவியில் இயங்கும் ப்ளாட்லி வரைபடத்தின் எச்டிஎம்எல்லை அப்படியே ஒட்டியிருந்தால் அந்த இடம் வெறுமையாக இருக்கும். பக்கத்தின் மூலத்தில் மட்டும் 'ரா எச்டிஎம்எல் ஒமிட்டட்' என்று ஒரு குறிப்பு கிடக்கும். எச்டிஎம்எல்லை அனுமதிக்கும் அன்சேஃப் அமைப்பை ட்ரூ ஆக்கலாம். வரைபடத்துக்கென ஒரு ஷார்ட்கோட் (பதிவில் ஒரு வரியில் அழைக்கும் வார்ப்புரு) எழுதிக்கொள்வது அதைவிட நல்லது.

குவார்ட்டோ நிரலைத் தானே ஓட்டி, படத்தைத் தானே உரிய இடத்தில் வைக்கிறது. தேவையான பேக்கேஜ் இல்லாவிட்டால் பிழை காட்டி நின்றுவிடும். அரைகுறைப் பக்கம் வெளியே போவதை விட இப்படி நிற்பது எவ்வளவோ மேல். ஆனால் ஓட்டிய முடிவைச் சேமித்து வைக்கும் 'ஃப்ரீஸ் ஆட்டோ' அமைப்பை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும்: முழுத் தளத்தையும் உருவாக்கும்போது, பதிவின் கோப்பு மாறினால்தான் நிரல் மறுபடி ஓடும். மழைத் தரவின் சிஎஸ்வி கோப்பு மட்டும் புதிதானால் பழைய வரைபடமே நிற்கும். வாசகர் அதைப் புதிய தரவு என்று நம்பிவிடுவார். தரவு எழுதுகிறவர்களுக்குப் படம் காணாமல் போவதை விட இது ஆபத்து.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. பைத்தானில் வரைபடம் வரையும் மேட்பிளாட்லிப்பின் இயல்பான எழுத்துருவில் தமிழ் இல்லை. அச்சுகளின் பெயர்கள் கட்டங்களாக வரும். தமிழ் எழுத்துரு கொடுத்த பிறகும், பரவலாகப் புழங்கும் பதிப்புகளில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ஆரில் படத்தை உருவாக்கும் ராக் (ragg) பேக்கேஜ் இதைச் சரியாகக் கோக்கும். ப்ளாட்லியில் உலாவியே எழுத்தைக் கோப்பதால் குறை இல்லை. சர்வரில் படம் உருவாகிறதென்றால் அங்கேயும் நோட்டோ தமிழ் எழுத்துருவை நிறுவ வேண்டும்.

ஆர் அல்லது பைத்தான் நிரலும் பதிவும் ஒரே கோப்பில் இருப்பவர்களுக்கு நான் குவார்ட்டோவையே சொல்வேன். தரவு மாறும்போது ஃப்ரீஸ் கோப்புறையை அழித்துவிட்டு ஓட்டுங்கள். படத்தைத் தனியே வரைந்து ஏற்றுகிறவர்களுக்கு ஹியூகோ. ஏற்கெனவே ஜெக்கிலில் நிறையப் பதிவுகள் எழுதிவிட்டவர்கள் இதற்காக இடம் மாற வேண்டாம். பாதையையும் தேதியையும் ஒழுங்குபடுத்தினாலே காணாமல் போனவற்றில் பெரும்பாலானவை திரும்பிவிடும்.