ஆடு இருக்கும் வீட்டுக்கு எந்த வேலி?

சித்திரை, வைகாசியில் கீழக்கரையிலிருந்து ஏர்வாடிப் பக்கம் போய்ப் பாருங்கள். தரையில் புல் இருக்காது, வேலி மட்டும் பச்சையாக நிற்கும். "ஆடு தொடாத செடி" என்று நம்பி நட்டதைத்தான் அந்தப் பசியில் ஆடு தொடும். தொட்டால் என்ன ஆகும் என்பதை வைத்தே வேலியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அரளி பூவும் தரும், தண்ணீரும் அதிகம் கேட்காது. ஆனால் அது இருதயத்தைத் தாக்கும் நஞ்சு. எதிர்வீட்டு மதினி அரளியைக் கழித்து வாசலோரம் போட்டிருந்தார். பச்சையாக இருந்தவரை எங்கள் வெள்ளாடு மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டது. இரண்டு நாளில் இலை வாடியதும் தின்றுவிட்டது. சாயங்காலம் கழிச்சல். காதைத் தொட்டால் சில்லென்று இருந்தது. நிற்க முடியாமல் முன்னங்காலை மடித்துப் படுத்தது, விடிவதற்குள் போய்விட்டது. வாடினால் கசப்புதான் குறையும், நஞ்சு அப்படியே இருக்கும். சினை ஆடு வேறு. இன்னும் மனசு ஆறவில்லை.

நெய்வேலிக் காட்டாமணக்கு இதற்கு நேர் எதிர். கண்மாய்க் கரையிலிருந்து ஒரு குச்சியை ஒடித்து ஊன்றினாலே தழைத்துவிடும், காசு செலவில்லை. அரளி ஒரே நாளில் செய்வதை இது வாரக்கணக்கில் செய்யும். ஒரு வாய் தின்ற ஆடு உடனே சாகாது. ஆனால் ருசி கண்டுவிட்டால் அதையே தேடிப் போகும். இளைத்து, தலை ஆடி, பின்னங்கால் தள்ளாடும். நரம்பு கெட்டபின் மாற்று மருந்து கிடையாது. மேய்ப்பவர் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்துக்கொண்டே நாளைக் கடத்திவிடுவார் என்பதால், அரளியைவிட இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன்.

திருகுகள்ளியை ஆடு அநேகமாகத் தொடாது. வெட்டுகிற நம் கண்ணில்தான் பால் தெறிக்கும். குழந்தைகள் உள்ள வீட்டுக்கு வேண்டாம்.

சீமைக் கருவேல் முள்ளை வெட்டி அடைக்கலாம், அதில் நஞ்சுப் பயம் இல்லை. ஆனால் உயிர்மரமாக விட்டால் காய் உதிரும். கொஞ்சமாகத் தின்றால் தீவனம்தான். மாடு அதையே நாள்கணக்கில் தின்றால் தாடை மெல்ல முடியாமல் போகும்.

மிச்சம் இரண்டு. கடற்கரை மணலுக்குப் பனைமட்டைதான் என் தேர்வு. ஓரத்தில் ரம்பப் பல் மாதிரி கருக்கு இருப்பதால் ஆடு முட்டாது. உப்புக் காற்றும் ஒன்றும் செய்யாது. கறையான் அரித்ததை மட்டும் அவ்வப்போது மாற்ற வேண்டும். உள்ளே தள்ளி, தோட்டம் உள்ளவர்களுக்குக் கிளுவை. மழைக்கு முன் போத்து (நடுவதற்கு வெட்டிய கிளை) நட்டு, வேர் பிடிக்கும்வரை கருவேல் முள்ளால் மறைத்தால் போதும். அப்புறம் தழையை ஆடு தாராளமாகத் தின்னலாம். கோடையில் இலை உதிர்ந்து வேலி மொட்டையாக நிற்கும், அதுதான் குறை.

பூவுக்கு அரளி வேண்டுமென்றால் சுற்றுச்சுவருக்குள் வையுங்கள். கழித்ததைக் குழி தோண்டிப் புதையுங்கள். ஆடு தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் 1962க்குப் போன் செய்யுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் வரும். தின்ற கிளையில் ஒன்றையும் எடுத்து வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.