நேரடி லேசரா, ஹோல்ராமா: உருண்டையை உருண்டையாகவே நசுக்க எது தோது?

எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு லேசர் இணைவில், அதாவது லேசரால் எரிபொருள் உருண்டையை நசுக்கி அணுக்கருக்களை இணைப்பதில், ஏதாவது ஒரு வழியை எடுக்க வேண்டியிருந்தது. கிண்டியில் என் ரூம்மேட் நேரடி முறைக்குப் போனான், நான் மறைமுக முறைக்கு. ஆகவே நான் எந்தக் கட்சி என்பதில் ரகசியம் இல்லை.

நேரடி முறையில் கற்றைகள் எரிபொருள் குளிகை மேலேயே விழும். அமெரிக்காவின் ரோசெஸ்டரில் உள்ள ஒமேகா லேசரின் 60 கற்றைகள் அந்த வகை. மறைமுக முறை வேறு: கலிஃபோர்னியாவின் என்.ஐ.எஃப். (நேஷனல் இக்னிஷன் ஃபெசிலிட்டி) லேசர் கூடத்தில் 192 கற்றைகள் ஹோல்ராம் என்ற சிறு உலோக உருளைக்குள் புகுந்து சுவரைச் சூடாக்கும். அங்கே பிறக்கும் எக்ஸ் கதிர்தான் குளிகையை நசுக்கும். "பாதிக்கு மேல சுவருக்கே தாரை வார்த்துட்டியே மச்சான்" என்கிறான் ரூம்மேட். சரிதான், ஆற்றல் சிக்கனத்தில் அவன் முறைக்கே வெற்றி.

என்னை இழுத்தது சமச்சீர். குளிகையின் ஆரம் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்காகச் சுருங்க வேண்டும். உள்ளே பாயும் வேகத்தில் 1 சதவீதம் பிசகினாலே, கடைசியில் மையம் கிட்டத்தட்ட 30 சதவீதம் கோணிப்போகும். நேரடி முறையில் லேசரின் பொடிப்பொடி மேடுபள்ளங்கள் ஆரம்பத்திலேயே குளிகையில் பதிந்து, பிறகு வளரும். எக்ஸ் கதிர் அவற்றை மழுக்கிவிடுகிறது. மிஞ்சுவது பெரிய கோணல்தான்: துருவங்களில் அழுத்தம் கூடி இடுப்பில் குறைந்தால், மையம் இட்லி போலத் தட்டையாகும்.

அதைத் திருத்த ஒரு திருகு இருக்கிறது. கற்றைகள் குறுக்கிடும் இடத்தில் ஒன்றின் ஆற்றல் இன்னொன்றுக்குத் தாவும். நேரடி முறையில் இது பெரும்பாலும் தொல்லை; குளிகையின் ஓரத்தில் வளைந்து வெளியேறும் ஒளி, உள்ளே வரும் ஒளியிடமிருந்து ஆற்றலைப் பறித்துவிடும். ஹோல்ராமிலோ அலைநீளங்களுக்கு இடையே மிகச் சிறிய வித்தியாசம் வைத்தால் போதும், இடுப்பைக் குறிவைக்கும் கற்றைகளுக்கு வேண்டிய ஆற்றலைத் தள்ளிவிடலாம். 2022 செப்டம்பரில் என்.ஐ.எஃப். 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலைச் செலுத்தி, இணைவிலிருந்து சுமார் 1.2 பெற்றது, மையம் தட்டையாகிவிட்டது. இந்தத் திருகைச் சரிசெய்துவிட்டு டிசம்பர் 5 அன்று அதே 2.05ஐச் செலுத்தினார்கள், கிடைத்தது 3.15. நான் கட்சி மாறாததற்கு இந்த ஒரு ஜோடி எண்களே காரணம்.

ஒன்று சொல்லியாக வேண்டும். நான் போட்டது அசையாத கோளத்தின் மேல் விழும் கதிரின் கணக்கு மட்டுமே. நிஜத்தில் ஹோல்ராமின் சுவர் விரிந்து, இடுப்பைக் குறிவைக்கும் கற்றைகளை மறிக்கும், சமச்சீர் நொடிக்கு நொடி என்றுகூடச் சொல்ல முடியாத வேகத்தில் மாறும். அதையும் சேர்த்து ஓட்டினால் என் சாய்வு கொஞ்சம் குறையலாம். அப்புறம், மின்நிலையம் என்று பேச்சு வந்தால், ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு ஹோல்ராமைப் பலி கொடுக்க வேண்டும். அந்தச் செலவுக் கணக்கில் ரூம்மேட் பக்கம்தான் நிற்பேன்.