லொத் பள்ளத்தாக்கில் மவுண்டன் பைக்: பெட்டி போய்ச் சேர்ந்தது, மதியச் சாப்பாடு சேரவில்லை

பிரான்சின் தென்மேற்கில் காஓர் என்ற ஊரில் ஒரு சின்னக் கடை மவுண்டன் பைக் பயணம் ஏற்பாடு செய்து தருகிறது. வழிகாட்டி யாரும் கூட வரமாட்டார்கள். சைக்கிள், ஃபோனில் ஏற்றிக்கொள்ளும் பாதைக் கோப்பு, இரவு தங்கும் வீடுகள், நம் பெட்டியை வேனில் கொண்டுபோய் அடுத்த வீட்டில் இறக்குவது, இதெல்லாம் அவர்கள் வேலை. மிதிப்பது மட்டும் நம் வேலை. இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேர்த்து ஒருவருக்கு 800 யூரோவுக்குள் அடங்கியது. எலெக்ட்ரிக் சைக்கிள் கேட்டால் தனியாகக் கொஞ்சம் கூடும். நான் துலூஸில் வேலை பார்க்கிறேன். ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் காஓர் வந்துவிடும். விடுமுறைக்கு வந்திருந்த தம்பியையும் கூட்டிக்கொண்டு செப்டம்பரில் கிளம்பினேன். எனக்கு எலெக்ட்ரிக், அவனுக்குச் சாதாரண சைக்கிள். “ஏத்தம் கூடப் பரவால்லக்கா, ஏத்தத்துல நீ கதை பேசிக்கிட்டே வர்றதுதான் தாங்க முடியல” என்று புலம்பிக்கொண்டே வந்தான்.

இந்த விலைக்கு என்ன கிடைக்கிறது? அறை பிடிப்பது பெரிய வித்தை இல்லை. சைக்கிள் வாடகைக்கு எடுப்பதும் அப்படித்தான். காசு உண்மையில் போவது பாதையைப் போட்டவருக்கு. லொத் ஆறு நேராக ஓடத் தெரியாத ஆறு. காஓர் ஊரையே மூன்று பக்கமும் சுற்றி வளைத்துவிட்டுத்தான் மேற்கே நகர்கிறது. கரோன் ஆற்றில் சேரும் வரைக்கும் இதே குணம்தான். ஆற்றை ஒட்டியே போக வேண்டுமென்றால் காஓரிலிருந்து கீழ்நோக்கி வி86 என்ற சைக்கிள் தடம் இருக்கிறது. பெரும்பாலும் தார்ச்சாலை, சமதளம், பலகை பார்த்தே போய்விடலாம். அதற்கு யாருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை, மவுண்டன் பைக்கும் தேவையில்லை.

இவர் போட்ட பாதை அந்த வளைவுகளைக் குறுக்கே வெட்டுகிறது. ஆற்றங்கரையிலிருந்து நேராகச் சுண்ணாம்புக்கல் மேட்டுக்கு ஏற்றுகிறார், கோஸ் என்பார்கள் அந்த மேட்டு நிலத்தை. அங்கே குட்டை ஓக் மரக்காடு, ஜூனிப்பர் புதர், சாந்து பூசாத கல் மதில்கள், ஆட்டுக்காரர்கள் மழைக்கு ஒதுங்கக் கட்டிய வட்டக் கல் குடிசைகள். மண் ஒரு சாண்கூட இருக்காது, கீழே வெறும் பாறை. தண்ணீர் எல்லாம் பாறைக்குள் இறங்கிவிடுவதால் மேலே ஓடையும் இல்லை, குழாயும் அரிது. இரண்டு லிட்டருக்குக் குறைவாகத் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஏறாதீர்கள். பிறகு அடுத்த வளைவில் திரும்ப ஆற்றுக்கு இறக்கம். அந்த இறக்கங்களுக்காகவே இன்னொரு தடவை போவேன். இரண்டு மதில்களுக்கு நடுவே ஒரு ஆள் அகலத்துக்கு, உருளும் கல்லோடு, திடீரென்று ஒரு திருப்பத்தில் கீழே பச்சையாக ஆறு தெரியும். ஆற்றைப் பார்க்க வேண்டுமானால் பிரேக் பிடித்து நின்றுவிட்டுப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள். விளம்பரப் படத்தில் திராட்சைத் தோட்டம்தான் முன்னால் நிற்கும். ஆனால் பாதையின் முதல் பாதி காஓருக்குக் கிழக்கே போகிறது, அங்கே தோட்டம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. தோட்டங்களெல்லாம் பெரும்பாலும் மேற்கே, லூஸேஷ், அல்பாஸ், புய்-லெவேக் பக்கம். இதைக் கடைக்காரர் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். “தோட்டம் எங்கே, தோட்டம் எங்கே” என்று தம்பி கேட்டுக்கொண்டே வந்தான்.

கிழக்குப் பாதி ஏமாற்றம் என்று சொல்லவரவில்லை, எனக்கு அதுதான் அதிகம் பிடித்தது. பூஸியெஸ் அருகே செங்குத்துப் பாறையின் அடிவயிற்றைக் குடைந்து ஒரு நடைபாதை போட்டிருக்கிறார்கள். 1840களில் வெட்டியது. சரக்குப் படகுகளைக் கயிறு கட்டி இழுத்துப்போக ஆற்றோரத்தில் கால் வைக்க இடமில்லாததால் பாறையையே குடைந்துவிட்டார்கள். தலைக்கு மேலே பாறை, பக்கத்தில் ஆறு. நடப்பவர்கள் நிறைய வருவதால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனோம். அதைத் தாண்டி ஏறினால் சேன்-சிர்-லாப்போப்பி, ஆற்றுக்கு ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில் பாறை விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் கிராமம். சர்ரியலிஸ்ட் கவிஞர் ஆந்த்ரே பிரத்தோன் இங்கே வீடு வாங்கிக் கோடைதோறும் வந்து தங்கியிருக்கிறார். 2012இல் பிரெஞ்சுக்காரர்களுக்குப் பிடித்த கிராமமாகத் தொலைக்காட்சி வாக்கெடுப்பில் ஜெயித்தது. அதற்கேற்ற கூட்டமும் இருக்கிறது. காலை ஒன்பதுக்குள் போய்விட்டால் ஊர் உங்களுக்கு, பதினொன்றுக்குமேல் ஐஸ்கிரீம் கடைக்கு.

பக்கத்துச் செலே பள்ளத்தாக்கில் பெஷ் மெர்ல் குகை. 1922இல் உள்ளூர்ப் பையன்கள் ஊர்ந்து போய்க் கண்டுபிடித்தது. புள்ளி போட்ட குதிரைகளும் கை அச்சுகளும் 25,000 ஆண்டுகளுக்கும் முந்தையவை. பார்ப்பது நகல் இல்லை, அசல். அதனாலேயே ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு வைத்து விடுகிறார்கள். எங்களுக்கு டிக்கெட்டைக் கடையே முன்கூட்டிப் பதிவு செய்து, அன்றைய பாதையையும் அந்த நேரத்துக்குத் தகுந்தாற்போலச் சுருக்கிக் கொடுத்திருந்தது. இந்த மாதிரி இடத்தில்தான் அவர்கள் வேலை தெரிகிறது.

மேற்கே வந்தால் காட்சியே மாறுகிறது. ஆறு விட்டுப்போன வண்டல் படிப்படியாக உயர்கிறது, ஒவ்வொரு படியிலும் கொடிகள். அர்ஜென்டினா மால்பெக் என்று கடையில் பார்க்கிறோமே, அந்தத் திராட்சைக்குச் சொந்த ஊர் இதுதான். காஓர் என்று புட்டியில் போட வேண்டுமென்றால் குறைந்தது 70 சதவீதம் மால்பெக் இருக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஃபிலோக்ஸெரா பூச்சி இந்தத் தோட்டங்களை அழித்தது. தப்பிப் பிழைத்து மீண்டும் நட்டதை 1956 பிப்ரவரி உறைபனி கொன்றது. அப்புறம் மறுபடி நட்டு, 1971இல்தான் இந்த ஒயினுக்கு அரசு அங்கீகாரம் கிடைத்தது. அதனால் இங்கே பழங்காலக் கொடி என்று நினைத்துப் படம் எடுப்பதில் பெரும்பாலானவை நம் அப்பா வயசுகூட ஆகாதவை.

நாங்கள் போன நேரம் அறுவடை. கொடி வரிசையை இரண்டு பக்கமும் கால் விரித்துத் தாண்டி நிற்கும் உயரமான அறுவடை இயந்திரங்கள், சாறு சொட்டச் சொட்டப் போகும் டிராக்டர்கள். மண்பாதை முழுக்க நசுங்கிய பழம். வளைவில் வழுக்குகிறது, குளவியும் மொய்க்கிறது. தோட்டப் பாதைகளில் எது பொது, எது தனியார் என்பதைக் கோப்பு சரியாகப் பிரித்திருந்தது. ஓரிடத்தில் மட்டும் சங்கிலி போட்டிருந்தார்கள். சுற்றிப் போக அரைமணி ஆனது, பரவாயில்லை.

ஒயின் ருசி பார்க்கும் நிறுத்தத்தைக் காலை பதினொன்றரைக்கு வைத்திருந்தது எந்தப் புண்ணியவானின் யோசனையோ தெரியவில்லை. வெறும் வயிறு, வெயில், முன்னால் ஒரு ஏற்றம். போதாததற்கு, ஒரு லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம் ஆல்கஹால் என்ற வரம்பு பிரான்சில் கார் ஓட்டுபவருக்கு மட்டுமில்லை, சைக்கிளுக்கும் உண்டு. துப்புவதற்குத் தொட்டி வைத்திருக்கிறார்கள், துப்பினால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஆனாலும் சொல்லி மாற்றிக்கொள்வது நல்லது. தங்கும் வீட்டுக்குப் பக்கத்தில் மாலையில் ஒரு தோட்டத்தை வைத்துத் தரச் சொல்லுங்கள்.

சைக்கிள்கள் நன்றாகப் பராமரித்தவை. 29 அங்குலச் சக்கரம், டியூப் இல்லாத டயர், உட்காரும் சீட்டை ஓட்டிக்கொண்டே இறக்கும் பொத்தான். இந்தக் கல்லுக்கு அந்தப் பொத்தான் ஆடம்பரம் இல்லை, அவசியம். முள் குத்தினால் டயருக்குள் இருக்கும் பால் போன்ற திரவமே அடைத்துவிடுகிறது. என் எலெக்ட்ரிக் மோட்டார் 25 கிலோமீட்டர் வேகத்தோடு உதவியை நிறுத்திக்கொள்ளும், சட்டம் அப்படி. மேட்டு நிலத்து ஏற்றங்களில் அதிகபட்ச உதவியிலேயே போனால் பேட்டரி மதியமே பாதிக்கு வந்துவிடும். இந்தியாவில் ஓட்டிப் பழகியவர்கள் கிளம்பும் முன் கடை வாசலிலேயே பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள். இங்கே முன் பிரேக் இடது கையில். தம்பிக்கு இதைச் சொன்னது நான், கடைக்காரர் இல்லை. அவன் பின் பிரேக்கின் பேட் வேறு முதல் நீண்ட இறக்கத்திலேயே தேய்ந்து இரும்புச் சத்தம் போட்டது. ஃபோன் செய்தால் எடுக்கவில்லை. மணி பன்னிரண்டே கால், கடை மதியம் இரண்டு வரை மூடல். அவசர எண் என்று ஒன்றைக் கொடுத்துவிட்டு அதற்கும் மதிய ஓய்வு விட்டால் எப்படி? இரண்டரைக்குப் புதுப் பேடோடு ஆள் வந்து பத்து நிமிடத்தில் மாற்றிவிட்டுப் போனார். வேலையில் குறை இல்லை, நேரத்தில்தான்.

சாப்பாடுதான் பெரிய குறை. நாங்கள் சைவம் என்று படிவத்தில் எழுதியிருந்தோம். தங்கிய வீடுகளில் பிரச்சினை இல்லை. ரொக்கமதூர் ஆட்டுப்பால் சீஸ் சூடாகத் தேனோடு, வால்நட் போட்ட சாலட், காளான் ஆம்லெட், முலாம்பழம் என்று அக்கறையாகவே செய்து கொடுத்தார்கள். மதியம்தான் திண்டாட்டம். வாத்துக் கறியும் வாத்து ஈரலும்தான் இந்தப் பக்கத்துப் பெருமை. சாலட் என்று வாங்கினாலும் அடியில் வாத்து இரைப்பை கிடக்கும், கேட்டுவிட்டு வாங்குங்கள். உணவகங்கள் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரைதான். இரண்டேகாலுக்குப் போய் நின்றால் காபி கிடைக்கும், சாப்பாடு கிடைக்காது. பாதைக் குறிப்பில் “இங்கே பேக்கரி” என்று போட்டிருந்த கிராமத்தில் திங்கட்கிழமை பேக்கரி மூடல். கிராமத்துக் கடைகள் பலவற்றுக்கு ஞாயிறு மதியமும் திங்களும் விடுமுறை என்பது கடைக்காரருக்குத் தெரியாததா? கிழமை போட்டுக் குறிப்பு எழுத ஒரு மாலை போதும். முந்தின இரவே தங்கும் வீட்டில் சாண்ட்விச் கட்டித் தரச் சொல்லிவிடுங்கள், சில யூரோவில் முடியும்.

வேட்டைப் பருவம் செப்டம்பரில் தொடங்கிப் பிப்ரவரி கடைசி வரை ஓடும். காட்டுப் பாதையில் “ஷாஸ் ஆங் கூர்” என்று பலகை வைத்திருந்தால் உள்ளே காட்டுப்பன்றி வேட்டை நடக்கிறது என்று அர்த்தம். வேறு வழி போங்கள். ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். கடை ஆளுக்கொரு ஆரஞ்சு அங்கியைக் கேட்காமலே கொடுத்தது, அதற்கு ஒரு பாராட்டு.

யாருக்குச் சரிவரும்? சரளைக்கல்லில் ஓட்டிப் பழக்கமிருந்து, ஒரு நாளில் பல தடவை 150, 200 மீட்டர் ஏறி இறங்கத் தயாராக இருப்பவர்களுக்கு. சின்னப் பிள்ளைகளோடு போவதென்றால் வி86 போதும். மழை பெய்தால் சுண்ணாம்புக்கல் மேல் களிமண் படிந்து சோப்பு மாதிரி ஆகிவிடுவதால், மழைநாளுக்கு வேறு பாதையும் கோப்பில் சேர்த்துத் தரச் சொல்லிக் கேளுங்கள், கேட்டால் தருகிறார்கள். சொந்த சைக்கிளோடு பாரிஸ்-துலூஸ் இன்டர்சிட்டே ரயிலில் வருவதென்றால் சைக்கிளுக்கும் முன்பதிவு கட்டாயம், 10 யூரோ. அந்த இடங்கள் குறைவு, சீட்டோடு சேர்த்தே போட்டுவிடுங்கள்.