மணிக்கா, தடவைக்கா, ராத்திரிக்கா? செல்லப்பிராணியைப் பார்த்துக்கொள்ள எப்படிக் கூலி கேட்பது

வீட்டுக்காரர் வெளியூர் போயிருக்கும்போது அவர் வீட்டுக்கே போய் நாயையோ பூனையையோ கவனித்துக்கொள்ளும் வேலைக்கு மூன்று விதமாகக் கூலி கேட்கலாம். மணிக்கு இவ்வளவு, வந்து போகும் ஒவ்வொரு தடவைக்கும் இவ்வளவு, ராத்தங்கலுக்கு இவ்வளவு.

மணிக்கணக்குதான் நியாயமாகத் தோன்றும். ஆனால் போக 20 நிமிடம், வேலை 30 நிமிடம், திரும்ப 20 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நாளில் 70 நிமிடம் போய்விடுகிறது, காசு 30 நிமிடத்துக்குத்தான். கைப்பழக்கம் வந்து சீக்கிரம் முடித்தால் இன்னும் குறையும். பகல் முழுக்கக் கூட இருந்தாக வேண்டிய குட்டி நாய்க்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம்.

பூனைக்குத் தடவைக் கணக்குதான் சரி. பயண நேரத்தையும் அதிலேயே சேர்த்துவிடலாம். இங்கே வருகிற பேரம் ஒன்றுதான்: "பூனைதானே, ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தால் போதும்." இதற்கு மட்டும் தலையாட்டாதீர்கள். இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே பூனையின் ஈரலில் கொழுப்பு சேர ஆரம்பிக்கலாம். ஆண் பூனை சிறுநீர் வராமல் முக்கிக்கொண்டிருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். தட்டில் எவ்வளவு மிச்சம், பூனை சிறுநீர் கழிக்கும் மணல் தட்டு நனைந்திருக்கிறதா என்று தினமும் பார்ப்பதுதான் உண்மையான வேலை; தீனி வைப்பது அதில் சின்னப் பகுதி.

இன்சுலின் போடும் பிராணிக்குக் கூடுதலாகக் கேட்கலாம். ஊசி போட ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் பெரும்பாலும் 12 மணி நேர இடைவெளியில், உணவோடு சேர்த்துப் போட வேண்டியிருக்கும். காலை 7, மாலை 7 என்று உங்கள் நாள் இரண்டு முனையிலும் கட்டிப்போடப்படுகிறது. அந்தக் கட்டுக்குத்தான் காசு.

நாய் விஷயத்துக்கு வந்தால் கதை வேறு. வளர்ந்த நாயையே எட்டு மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்கிக்கொண்டிருக்க விடக்கூடாது. அப்படியானால் ஒரு நாளைக்கு மூன்று, நான்கு தடவை போக வேண்டும். அதற்குப் பேசாமல் அங்கேயே தங்கிவிடலாம் என்று தோன்றும். பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். "அங்கே போய்த் தூங்கத்தானே போறீங்க" என்பார்கள். தூங்குவதுதான், ஆனால் சொந்தப் படுக்கையில் இல்லையே! என் கணக்கு இது: மாலை ஒரு தடவை, காலை ஒரு தடவை, அதற்கு மேல் சொந்த வீட்டை விட்டு இருப்பதற்கு ஒரு தொகை. இதற்குக் கீழே போனால் ராத்தங்கல் நஷ்டம். மாலை 7 முதல் காலை 7 வரை என்று நேரத்தையும் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பகலும் அதில் அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். மூன்று மாதக் குட்டி என்றால் நடுராத்திரியில் எழுப்பும். அதற்குத் தனி விலை.

இரண்டாவது பிராணிக்கு அப்படியே இரட்டிப்பாகக் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை, பயணம் ஒன்றுதானே. இரண்டாவது பூனைக்குக் கொஞ்சம் கூட்டினால் போதும். ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் தனித்தனியாக நடத்திக் கூட்டிப் போக வேண்டிய இரண்டு நாய்கள் என்றால் மட்டும் இரண்டு வேலைதான்.

அப்புறம், பண்டிகை நாட்களுக்கு முன்பணம் வாங்காமல் தேதி கொடுக்காதீர்கள். கடைசி நேரத்தில் அவர்கள் பயணம் ரத்தானால் அந்த நாளை வேறு யாருக்கும் கொடுக்க முடியாது.