ரவுணில் கந்தோரா, வீடா, கலந்தா? திருகோணமலையில் எட்டுப் பேர் மென்பொருள் நிறுவனம் எங்கிருந்து வேலை செய்வது

இந்த அலசலுக்கு ஓர் அளவை எடுத்துக்கொள்வோம். நிறுவனத்தில் எட்டுப் பேர். இருவர் அனுபவசாலிகள், இருவர் நடுத்தரம். மற்ற நால்வரும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலோ வேறெங்குமோ படிப்பை முடித்து இரண்டு வருடமாகாத பிள்ளைகள். வாடிக்கையாளர்கள் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறார்கள். ஆட்களின் வீடுகள் உவர்மலை, உப்புவெளி, நிலாவெளி, கிண்ணியா என்று பரந்து கிடக்கின்றன.

வழி மூன்று. ரவுணில் ஓர் அலுவலகம் எடுத்துத் தினமும் கூடுவது, எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை செய்வது, கிழமையில் சில நாள் அங்கும் சில நாள் இங்கும் என்று கலப்பது. இந்தப் பேச்சு வந்தால் முதலில் வாடகை, பஸ், கரண்ட் மூன்றும்தான் மேசைக்கு வரும். அவற்றைப் பிறகு பார்ப்போம். எட்டுப் பேரில் நால்வர் புதியவர்கள் என்றால், அவர்களில் ஒருவர் ஓரிடத்தில் சிக்கிக்கொண்டு எத்தனை நிமிடத்தில் வாய் திறந்து கேட்கிறார் என்பதே மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு.

ஒரே சிக்கல், மூன்று இடத்தில்

நிலாவெளி விடுதி ஒன்றுக்கான முன்பதிவு மென்பொருளை வைத்துக்கொள்ளுங்கள். இரவு 2 மணிக்குப் பதிவு செய்த விருந்தினர் முந்தைய நாள் கணக்கில் விழுகிறார். காரணம் எளிது. சேர்வர் நேரத்தை யூரீசியில் (UTC, உலகப் பொது நேரம்) சேமிக்கிறது, இலங்கை அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னால் நிற்கிறது. இங்கே அதிகாலை 2.00 என்றால் அங்கே முந்தைய நாள் 20.30. நள்ளிரவிலிருந்து காலை 5.30 வரை வரும் பதிவுகள் எல்லாமே இப்படித்தான் பின்னுக்குப் போகும்.

அலுவலகத்தில், பின்னால் பிளேன்ரீயோடு போகிற மூத்த அக்கா ஒருவர் திரையில் 20.30ஐக் கண்டதுமே "தம்பி, இது யூரீசி" என்பார். ஐந்து நிமிட வேலை. சேமிப்பதை யூரீசியிலேயே விட்டுவிட்டு, நாள் வாரியாகப் பிரிக்கும்போது மட்டும் கொழும்பு நேர வலயத்துக்கு மாற்றினால் சரி.

வீட்டில் தனியே இருக்கும் புதியவர் என்ன செய்வார்? அந்த ஒரு திரையில் மட்டும் ஐந்தரை மணித்தியாலத்தைக் கையால் கூட்டிவிடுவார். பார்க்கச் சரியாக இருக்கும். அடுத்த கிழமை அறிக்கை எழுதுகிறவர் இது தெரியாமல் முறைப்படி நேர வலயத்தை மாற்றுவார். ஐந்தரை இரண்டு தரம் கூடும். இப்போது மாலை 6.30க்குப் பிறகு வரும் பதிவுகள் அடுத்த நாளுக்குத் தாவும். இரண்டாவது பிழையைப் பிடிக்க முதலாவதைவிடப் பல மடங்கு நேரம் எடுக்கும், ஏனென்றால் இரண்டு இடத்திலும் கோட் தனித்தனியே பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும்.

அவர் ஏன் கேட்கவில்லை? எங்கள் ஊர் அலுவலகங்களில் மூத்தவர் "சேர்" அல்ல, "அண்ணா", "அக்கா". அந்த உறவு நல்லது, வேலைக்கு வந்த முதல் நாளே பயத்தை எடுத்துவிடும். ஆனால் அதே உறவு "அண்ணாவை ஏன் மினக்கெடுத்துவான்" என்ற தயக்கத்தையும் கூடவே கொண்டுவரும். முகம் பார்த்தால் அந்தத் தயக்கம் இரண்டு நிமிடத்தில் கரையும், வட்ஸ்அப்பில் கரையாது. காலை 10.10க்கு "அண்ணா, இருக்கிறீங்களா?" என்று ஒரு வரி போகும். 10.50க்கு "ஓம் தம்பி, சொல்லும்" என்று பதில் வரும். அப்போது தம்பி வேறெதிலோ இருப்பார். உண்மையான கேள்வி எழுத்தில் வர மதியம் தாண்டிவிடும்.

வீட்டு வேலையைத் தெரிவு செய்கிறவர்கள் முதல் நாளே இதற்கு ஒரு விதி வைக்க வேண்டும். 30 நிமிடம் சிக்கினால் எழுதியே ஆக வேண்டும். எழுதுவது ஒரே செய்தியாக இருக்க வேண்டும்: எதை எதிர்பார்த்தேன், என்ன நடந்தது, எதையெல்லாம் செய்து பார்த்தேன், பிழைச் செய்தியின் முழு எழுத்து. திரையைப் படம்பிடித்து அனுப்பினால் பிறகு தேட முடியாது, குரல் பதிவும் அப்படித்தான். செய்தி தனிப்பட்ட இலக்கத்துக்குப் போகாமல் வேலைத்திட்டத்தின் பொது அறைக்குப் போக வேண்டும், யார் முதலில் கண்டாலும் பதில் சொல்லலாம். தமிழிலோ ஆங்கில எழுத்தில் தமிழாகவோ எழுதட்டும், இலக்கணம் யாரும் பார்க்கக் கூடாது.

அலுவலகமும் இலவசமல்ல

மேலே சொன்னதைப் படித்து அலுவலகமே வென்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம். நால்வர் புதியவர், இருவர் மூத்தவர் என்றால் மூத்தவரின் நாள் துண்டு துண்டாக உடையும். ஒவ்வொருவரும் நாலு தரம் கேட்டால் பதினாறு குறுக்கீடு. காலை 10 முதல் 12 வரை யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை என்று ஒரு கட்டுப்பாடு வைத்து, கேள்விகளை எழுதிச் சேர்த்து 12 மணிக்கு ஒன்றாகக் கேட்டால் மூத்தவருக்கும் இரண்டு மணித்தியாலம் முழுதாகக் கிடைக்கும். வாடிக்கையாளர் பாவிக்கும் உற்பத்திச் சேர்வர் விழுந்தால் மட்டும் விதிவிலக்கு.

இன்னொன்று இதைவிட ஆழமானது. அலுவலகத்தில் முடிவுகள் வாயால் எடுக்கப்படும். இந்தத் தரவுத்தளத்தை ஏன் தெரிவு செய்தோம், அந்த வாடிக்கையாளருக்கு மட்டும் ஏன் வேறு வரிக் கணக்கு என்பதெல்லாம் ரீ குடிக்கும் நேரத்தில் முடிவாகி, இருவரின் தலைக்குள் மட்டும் இருக்கும். திருகோணமலையில் வேலை பழகியவர்கள் மூன்று வருடத்தில் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போவது யாருக்கும் புதிதல்ல. அவர் போகும்போது அந்த அறிவும் பெட்டியோடு போய்விடும். வீட்டிலிருந்து நடக்கும் நிறுவனத்தில் எழுதாமல் எதுவும் நகராது என்பதால், ஒருவர் விலகினாலும் காரணங்கள் எழுத்தில் நிற்கும். வீட்டு வேலையின் மிகப் பெரிய இலாபம் இதுதான், இதைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை. அலுவலகம் வைத்திருப்பவர்கள் ஒரு முடிவுக்கு ஐந்து வரி என்று தேதியோடு கோட் இருக்கும் அதே கோப்புறையில் எழுதிவைத்தால் இந்த இலாபத்தில் பெரும்பகுதி அவர்களுக்கும் கிடைக்கும்.

ஒருவர் எழுதிய கோட்டை மற்றவர் சரிபார்க்கும் கோட் ரிவியூவிலும் எழுத்துத்தான் மேல். எட்டுப் பேர் இருக்கும் அறையில் "இது பிழை" என்று சொன்னால் பிள்ளை ஒரு கிழமைக்கு வாய் திறக்காது. "இந்தப் பட்டியல் வெறுமையாக வந்தால் இந்த வரி என்ன செய்யும்?" என்று எழுதிக் கேட்டால் அவரே பிழையைக் கண்டுபிடிப்பார். ஒரு புல் ரிக்குவெஸ்ட், அதாவது சேர்த்துக்கொள்ளும்படி அனுப்பும் கோட் மாற்றம், 300 வரிக்குள் இருக்கட்டும், நாலு மணித்தியாலத்துக்குள் யாராவது பார்க்கட்டும்.

கரண்டும் வெக்கையும்

அலுவலகக் கணக்கு இது. எட்டு லப்டொப் தலா 50 வாட் என்றால் 400. எட்டு மொனிட்டர் தலா 25 என்றால் 200. நாலு மின்விசிறி தலா 70 என்றால் 280. விளக்கு, ரவுட்டர், நெற்வேர்க் சுவிட்ச் எல்லாம் சேர்த்து 100. மொத்தம் 980 வாட். மூன்று மணித்தியாலம் தாக்குப்பிடிக்க 2,940 வாட்மணி வேண்டும். 12 வோல்ட் 150 அம்பியர்மணி ஈய அமில பற்றரி ஒன்றில் 1,800 வாட்மணி என்று தாளில் இருக்கும். பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் கெடும், இன்வேர்ட்டரும் கொஞ்சம் தின்னும். கைக்கு வருவது 750 அளவுதான், ஆகவே நாலு பற்றரி. 51.2 வோல்ட் 100 அம்பியர்மணி லிதியம் இரும்பு பொஸ்பேற் பற்றரி என்றால் ஒன்றே மூன்றரை மணித்தியாலம் தரும். இரண்டு பற்றரி வாங்கிவிட்டு "மூன்று மணித்தியாலம் என்றார்கள், ஒன்றரையில் நின்றுவிட்டது" என்று குறைப்படுவதுதான் வழமை.

இந்தக் கணக்கில் ஏசி இல்லை. 12,000 பிரிட்டிஷ் வெப்ப அலகு ஏசி ஒன்று ஓடினால் மட்டும் ஏறத்தாழ 1,000 வாட், பற்றரி நேரம் பாதியாகும். கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் மதியம் 35 பாகையைத் தாண்டும். அதனால் இடம் பார்க்கும்போதே மேலே இன்னொரு மாடி உள்ள, எதிரெதிர் யன்னல் உள்ள அறையாகப் பாருங்கள். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை வாடகை குறைவு, ஆனால் பகல் முழுக்கக் குடித்த வெயிலை மாலையில் கக்கும். கடலைப் பார்த்த பக்கமென்றால் ஏசியின் வெளி அலகை மாதத்துக்கொருமுறை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும், உப்புக் காற்று தகடுகளை அரித்துவிடும்.

வீட்டில் இந்தக் கணக்கு மிகச் சிறியது. லப்டொப் தன் பற்றரியில் மூன்று மணித்தியாலம் ஓடும், ரவுட்டருக்கும் பைபர் பெட்டிக்கும் ஒரு சின்ன யூபிஎஸ் போதும். அதன் மேல் 8,800 மில்லிஅம்பியர்மணி என்று எழுதியிருப்பது உள்ளே உள்ள 3.7 வோல்ட் செல்லுக்கான அளவு, அதாவது 32 வாட்மணிதான். இரண்டு பெட்டியும் 12 முதல் 15 வாட் எடுத்தால் இரண்டு மணித்தியாலம் வரும். 9 வோல்ட் ரவுட்டரை 12 வோல்ட் முனையில் செருகிவிடாதீர்கள், முனை இரண்டிலும் ஒன்றுபோல் பொருந்தும், ரவுட்டர் கருகலாம்.

சின்ன மின்வெட்டில் வீடு வெல்லும், நீண்டதில் தோற்கும். 2020 டிசம்பர் 2 இரவு புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. அப்படியான நாளில் கைபேசிக் கோபுரங்களின் பற்றரியும் தீர்ந்துவிடும், எட்டு வீட்டுக்கு எட்டு ஜெனரேற்றர் வாங்க முடியாது. அலுவலகத்துக்கு ஒன்று போதும்.

வீட்டில் நிற்கிற பிள்ளை

கரண்டைவிட வீட்டில் கஷ்டமானது வீட்டார். மடியில் லப்டொப்போடு இருப்பவர் அம்மாவின் கண்ணுக்கு வீட்டில் நிற்கிற பிள்ளை. காஸ் எடுக்க, தங்கச்சியை ரியூசனுக்கு ஏற்ற, வந்த மாமிக்கு ரீ போட என்று கூப்பிடுவார்கள். பெண் பிள்ளைகளுக்கு இது இரண்டு மடங்கு. அதேசமயம், பிரசவ விடுமுறையான 84 நாள் முடிந்ததும் கைக்குழந்தையோடு கிண்ணியாவிலிருந்து தினமும் ரவுணுக்கு வர முடியாத பெண்ணை வேலையில் வைத்திருக்க வீட்டு வேலையைத் தவிர வேறு வழி அதிகமில்லை. பழகிய ஒரு பொறியியலாளரை இழப்பதைவிட அவரது வீட்டுக்கு ஒரு மேசை, கதிரை, மொனிட்டர் நிறுவனச் செலவில் அனுப்புவது எவ்வளவோ மலிவு. மேசை வந்து இறங்கினால் வீட்டாரும் அதை வேலையாகப் பார்க்கத் தொடங்குவார்கள்.

நேர வித்தியாசத்திலும் வீடு உதவும். லண்டனில் காலை 9 என்றால் இங்கே கோடையில் பிற்பகல் 1.30, குளிர்காலத்தில் 2.30. அலுவலக நேரத்துக்குள்ளேயே மூன்று, நாலு மணித்தியாலம் கிடைக்கும். ரொறன்ரோவின் காலை 9 இங்கே மாலை 6.30 அல்லது 7.30. அந்த நேரத்து வாடிக்கையாளர் கோலுக்காக நிலாவெளிக்காரரை ரவுணில் மறித்துவைப்பது அநியாயம். வீட்டிலிருந்து எடுக்கட்டும், அடுத்த நாள் பிந்தித் தொடங்கட்டும். கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி நாளைக்கு 8, கிழமைக்கு 45 மணித்தியாலம், அதற்கு மேல் ஒன்றரை மடங்கு. வீட்டிலிருந்து செய்தாலும் இது மாறாது. ஊழியர் சேமலாப நிதிக்கு நிறுவனம் 12 வீதமும் ஊழியர் 8 வீதமும், நம்பிக்கை நிதிக்கு நிறுவனம் 3 வீதமும் கட்டுவதும் மாறாது.

கலப்பதென்றால்

ஆளுக்கு விருப்பமான நாளில் வரலாம் என்பது கேட்க இனிமையானது, மூன்றிலும் மோசமானது. வாடகையும் கட்டுவீர்கள், வீட்டுச் செலவும் கொடுப்பீர்கள். புதியவர் வரும் நாளில் மூத்தவர் வீட்டில் இருப்பார். கூட்டத்தில் மூவர் மேசையைச் சுற்றி இருந்து தங்களுக்குள் கதைப்பார்கள், திரையில் உள்ள ஐவருக்கு மின்விசிறிச் சத்தம்தான் கேட்கும். ஒருவர் வெளியே இருந்தாலும் எல்லோரும் அவரவர் லப்டொப்பில், காதுப்பேசியோடு சேர வேண்டும்.

நாளை நிரந்தரமாக்கினால் கதை வேறு. செவ்வாய், புதன், வியாழன் எட்டுப் பேரும் அலுவலகத்தில், திங்களும் வெள்ளியும் வீட்டில். வெள்ளி ஜும்மாவுக்குப் போகிறவர்களுக்கும் இது வசதி. திட்டமிடல், இருவர் சேர்ந்து எழுதும் வேலை, மென்பொருள் வெளியீடு எல்லாம் நடு மூன்று நாளில். வெள்ளியன்று வெளியீடு கூடாது. போயா தினங்களை வருடத் தொடக்கத்திலேயே வாடிக்கையாளருக்கு எழுதி அனுப்புங்கள்.

எங்கள் தீர்ப்பு இது. பாதிப்பேர் புதியவர்களாக இருக்கும் வரை, ஒவ்வொரு புதியவரும் முதல் ஆறு மாதம் ஐந்து நாளும் அலுவலகத்தில், அவரோடு தினமும் ஒரு மூத்தவராவது. அதன் பின் நிரந்தரமான மூன்று நாள். எல்லோருக்கும் இரண்டு வருடம் தாண்டி, எழுதும் பழக்கமும் ஊறிய பிறகே முழுவதும் வீடு.

வீட்டு வேலையைப் பரீட்சித்துப் பார்ப்பதென்றால் வைகாசியில் பார்க்காதீர்கள், மழை கொட்டும் கார்த்திகை, மார்கழியில் பாருங்கள். 20 வேலை நாள் போதும். ஒரு தாளில் இரண்டு நிரல்: கேள்வி எழுதப்பட்ட நேரம், பயன்படும் பதில் வந்த நேரம். இடைவெளிகளைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி நடுவில் நிற்பதை எடுங்கள். அது ஒரு மணித்தியாலத்துக்குள் என்றால் தைப்பொங்கலுக்குப் பிறகு தொடரலாம். இரண்டைத் தாண்டினால் அலுவலகச் சாவியைத் திருப்பிக் கொடுக்க அவசரப்பட வேண்டாம்.