ஐந்து தைப்பட்டம் கண்ட க்ரோ பேக்குகள்

2021 தை மாதத்தில் மாடித்தோட்டத்துக்கு 12 க்ரோ பேக் (செடி வளர்க்கும் பை) வாங்கினோம். 8 பை, எச்டிபிஇ என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் இழையில் நெய்த ரகம், 15க்கு 15 அங்குலம், 260 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 260 கிராம் கனம்). மீதி 4, வெளியே வெள்ளையும் உள்ளே கறுப்புமான சாதா பாலிதீன் பை. அப்போது பெரியவனுக்கு 3 வயது, பாப்பா கைக்குழந்தை. தாம்பரம் பக்கம் முழு வெயில் விழும் மொட்டை மாடி. 2025 தையோடு ஐந்து பட்டம் விதைத்தாயிற்று.

பாலிதீன் பைகள் இரண்டாவது கத்திரி வெயிலில் அப்பளம் மாதிரி நொறுங்கின. சில்லுகள் மண்ணோடு கலந்துவிட, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பொறுக்கினோம். விலை குறைவு என்று இனி அதை வாங்கவே மாட்டேன். நெய்த பைகளில் ஆறு இன்றும் உறுதியாக இருக்கின்றன. அவற்றில் கைப்பிடித் தையல்தான் பலவீனம். மண்கலவை நனைந்தால் ஒரு பை 30 கிலோவைத் தாண்டும். மூன்றாம் வருஷம் நகர்த்த இழுத்தபோது இரண்டில் பிடி அப்படியே பிய்ந்து வந்துவிட்டது. அதனால் முதலில் இடம் பார்த்துச் செங்கல் மேல் வையுங்கள், அப்புறம் மண் நிரப்புங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது அடித்துளைகள் அடைத்துக்கொண்டு தண்ணீர் தேங்கியது. காய்க்கத் தொடங்கியிருந்த கத்தரிச் செடி இரண்டு வேரழுகிப் போயின. இப்போது அடியிலிருந்து ஓர் அங்குலம் மேலே பக்கவாட்டிலும் நான்கு துளை போடுகிறேன், அடியில் தேங்காய் மட்டைத் துண்டுகளைப் பரப்புகிறேன். அதற்கப்புறம் இரண்டு மழைக்காலம் தாங்கிவிட்டது. தென்னை நார்க்கழிவு கலப்பவர்கள் அதை இரண்டு மூன்று முறை அலசிவிட்டுக் கலப்பது நல்லது, உப்பு போய்விடும்.

பிள்ளைகளுக்கு இந்தப் பைகள் பிடித்துப்போனதற்குக் காரணம் உயரம். செங்கல் மேல் வைத்த பை 3 வயதுப் பிள்ளையின் இடுப்பளவு வரும். குனியாமல் மண்ணில் கை வைக்கலாம். வெள்ளி ராத்திரி வெண்டை விதையை ஊறப்போட்டு, சனிக்கிழமை காலை விரலால் குழி போட்டு ஊன்றுவது பெரியவன் வேலை. முதல் வருஷம் அவன் பொறுக்கமாட்டாமல் மூன்றாம் நாளே தோண்டிப் பார்த்தான், வெள்ளை நூல் மாதிரி ஒரு வேர். அடுத்த தடவையிலிருந்து ஒரு விதையைக் கண்ணாடி டம்ளரில் ஈரப்பஞ்சுக்கும் சுவருக்கும் நடுவே வைத்துக் கொடுத்துவிடுகிறேன். அதில் முளைப்பதைப் பார்த்துவிட்டால் பையிலிருக்கும் விதை தப்பிக்கிறது. ஒரு முளை விதைத்தோலைத் தலையில் சுமந்துகொண்டு வெளியே வந்தது. "அம்மா, தொப்பி போட்டிருக்கு!" என்றான். அது கழன்று விழும்வரை அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

பாப்பாவுக்காக அப்புறம் வாங்கிய 24 அங்குல அகலம், 9 அங்குல உயரப் பைதான் இருப்பதிலேயே பயனுள்ளது. சிறுகீரை விதையோடு மணல் கலந்து அவள் கையாலேயே தூவவிடலாம், ஓரிடத்தில் குவியாது. 25 நாளில் பறிக்கலாம்.

எட்டு வெண்டைச் செடி வைத்து வீட்டுக்குக் காய் வாங்காமல் இருக்க முடியாது. இரண்டு நாள் சேர்த்தால் ஒரு பொரியல் ஆகும். பறிக்கும்போது சுணை கையில் அரிக்கும், பிள்ளைகளுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டுத்தான் பறிக்க விடுகிறேன். பங்குனியில் மாவுப்பூச்சி வந்தால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலம் தெளிப்பு. அன்றைக்குப் பிள்ளைகளை மாடிக்கு விடுவதில்லை.

அதே பங்குனியில் பக்கத்து வீட்டு வேம்பு பூவை எங்கள் மாடியில் கொட்டும். அத்தை வேட்டி விரித்து வைப்பார், பிள்ளைகள் இரண்டு பேரும் அதில் சேர்த்துக் கொடுப்பார்கள். புத்தாண்டுப் பச்சடிக்கு அந்தப் பூதான்.

பிடி போன இரண்டு பைகளையும் வருகிற தைக்குள் மாற்ற வேண்டும். நெய்த ரகமே போதும், இரண்டும் 24க்கு 9.